அவதாரிகை காட்டும் நோக்கு: திருவரங்கத்து உரைமரபில் ஒரு வரலாற்றுப் பார்வை

சென்ற பங்குனியில் மருங்காபுரியிலிருந்து அன்பர் ஒருவர் திருவரங்கத்துக்கு ஸேவைக்கு வந்திருந்தார். முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈடு வாசிக்கத் தொடங்கி இரண்டாம் பத்து வரை வந்திருந்தார். பேச்சின் இடையே, சற்றுத் தயங்கிய பின், "ஸ்வாமி, அடியேன் அவதாரிகைகளைத் தள்ளிவிட்டே வாசித்து வருகிறேன். இது அபசாரமோ?" என்று கேட்டார். காரணம் கேட்டதற்கு அவர் சொன்னது நேர்மையான விடை. "வகுப்பில் ஓர் உரைப்பகுதியைக் கொடுத்து இதன் மையக்கருத்து யாது என்று பிள்ளைகளைக் கேட்போம். தானே வாசித்துத் தானே கண்டால்தான் அது கல்வி. அவதாரிகையோ பாசுரத்துக்கு முன்பே நின்று விடையைச் சொல்லிவிடுகிறது. வினாத்தாளோடு விடைத்தாளையும் கொடுத்தது போல் இருக்கிறதே."

இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இன்று வெளிவரும் எளிய பதிப்புகள் பலவற்றில் பாசுரமும் பதவுரையும் மட்டுமே உள்ளன. பக்கம் மிச்சமாகும் என்று கருதியோ, வாசகர் விரும்பமாட்டார் என்று கருதியோ அவதாரிகையை விட்டுவிடுகிறார்கள். ஆகவே அன்பர் கருத்தறிந்து செய்ததைப் பலர் அறியாமலே செய்து வருகின்றனர். அவதாரிகை என்பது விடைத்தாளா, வேறொன்றா என்பதற்கு விடை, அது தோன்றிய வரலாற்றில்தான் இருக்கிறது.

ஒன்றை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். ஓர் உரைப்பகுதி எதைப் பற்றிச் சொல்கிறது என்பது வேறு, எதற்காகச் சொல்கிறது என்பது வேறு. முன்னதைப் பொருள் என்றும் பின்னதை நோக்கு அல்லது தாத்பர்யம் என்றும் கொள்வோம். பொருள் பதங்களிலேயே கிடக்கும். நோக்கு முன்பின் பார்த்தாலன்றிப் புலப்படாது. மீமாம்ஸகர் தாத்பர்யத்தை அறிய ஆறு அடையாளங்களை வகுத்தனர்: தொடக்கமும் முடிவும் ஒத்திருத்தல், மீண்டும் மீண்டும் சொல்லுதல், வேறு வழியால் அறியப்படாதது ஆதல், பயன் கூறுதல், புகழ்ந்துரைத்தல், யுக்தி. வேதாந்திகளும் இவற்றைக் கைக்கொண்டனர். இவற்றுள் ஒன்றேனும் தனியொரு பதத்தின் பொருளால் பெறப்படுவதன்று என்பதைக் கவனிக்க. ஆறும் பகுதி முழுவதையும் பார்த்தே அறியப்படுபவை.

திருவாய்மொழி 1102 பாசுரங்கள் கொண்டது. அவை நூறு பதிகங்களாக, பத்துப் பத்துகளாக அமைந்துள்ளன. பன்னிரு திருநாமங்களைப் பேசும் பதிகம் ஒன்றே 13 பாசுரங்களையுடையது. ஏனையவை பதினொன்றாகவே நிற்கும். ஆக, ஆழ்வார் பாடும்போதே அலகுகள் வரையறுக்கப்பட்டுவிட்டன. ஓலைச்சுவடியில் பத்தி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. உரைநடை இடைவெளியின்றி ஓடும். நாம் இன்று அச்சில் காணும் பத்திகள் பதிப்பாசிரியர்கள் வெட்டியவை. ஆனால் பதிகம் என்னும் எல்லை அச்சு யந்திரம் தந்ததன்று. அந்த எல்லைக்குள் நோக்கு ஒன்றா, பலவா என்பதே பூர்வாசார்யர்கள் முன் நின்ற வினா.

இவ்வினா திருவரங்கத்தில் கருத்து வேறுபாடாகவே ஒருமுறை வெடித்தது. எம்பெருமானார்க்குத் திருவாய்மொழியின் பொருளை அருளிச்செய்து வந்தவர், ஆளவந்தாரின் திருவடி பணிந்தவரான திருமாலையாண்டான். காலக்ஷேபம் இரண்டாம் பத்தின் மூன்றாம் பதிகத்தை எட்டியது. மூன்றாம் பாசுரத்துக்கு ஆண்டான் சொன்ன பொருள் துயரப் பொருள். ஒன்றும் அறியாத பருவத்திலேயே அடிமையில் அன்பைப் பிறப்பித்துவிட்டு, பிறகு மறுபடியும் இந்த மாயையாகிய உடம்பிலே என்னை வைத்துவிட்டாயே என்று ஆழ்வார் வருந்துவதாக அவர் கொண்டார். பாசுரத்தின் சொற்கள் நிற்கும் முறையைப் பார்த்தால் இப்பொருள் இயல்பாகவே வரும். வைத்ததைச் சொல்லும் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. இலக்கணம் மட்டும் அறிந்த ஒருவர் இப்படித்தான் அந்வயம் செய்வார். ஆண்டான் பிழை செய்தார் என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது.

எம்பெருமானார் உடன்படவில்லை. அவர் காட்டிய காரணம் பதத்தைப் பற்றியதன்று. இப்பாசுரத்துக்கு முன்னுள்ளவை மகிழ்ச்சியில் நடக்கின்றன, பின்னுள்ளவையும் மகிழ்ச்சியில் நடக்கின்றன, இடையே ஒன்று மட்டும் துயரமாவது சேராது என்பதே அவர் காரணம். எம்பெருமானோடு கலந்த இனிமையை ஆழ்வார் வாய்வெருவும் பதிகம் அது. ஆகவே அவர் அந்வயத்தை மாற்றினார். அறியாமையாகிய பெருமாயையில் நான் கிடந்த அந்த அறியாக் காலத்திலேயே அடிமையில் அன்பை விளைத்தாயே என்று நன்றிப் பெருக்காக அதே சொற்கள் ஆயின. ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது நோக்கு ஒன்றே.

ஆண்டான் இதை ஏற்கவில்லை. ஆளவந்தாரிடம் தாம் கேளாத அர்த்தம், விச்வாமித்ர ஸ்ருஷ்டி போன்றது என்று சொல்லிக் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார் என்று குருபரம்பரை கூறுகிறது. ஆசார்யன் பாடத்தை நிறுத்துவது சிறிய செய்தியன்று. திருக்கோட்டியூர் நம்பி எழுந்தருளி, நடந்ததைக் கேட்டறிந்து, எம்பெருமானார் சொன்ன அர்த்தத்தை ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று தெளிவித்த பின்பே பாடம் மீண்டும் தொடங்கியது. எம்பெருமானார் ஆண்டானிடம் கற்பது கண்ணன் ஸாந்தீபனியிடம் கற்றது போன்றது என்றும் நம்பி உணர்த்தினார்.

இவ்வரலாற்றைப் பெரும்பாலும் எம்பெருமானாரின் மேதைக்குச் சான்றாகவே சொல்வார்கள். அது உண்மையே. அடியேனுக்கு இதில் வேறொன்று பெரிதாகப் படுகிறது. ஆண்டான் தம் பக்கத்தில் வைத்தது கேள்வி வழக்கை: ஆளவந்தாரிடம் கேட்டது இது என்பதை. எம்பெருமானார் தம் பக்கத்தில் வைத்தது பகுதியின் ஒருமையை: முன்னும் பின்னும் இப்படி நடக்கிறது என்பதை. பின்பு நம்பியின் வாயிலாக இரண்டும் ஒன்றாயின. உரைமரபு இவ்விரண்டில் எதையும் கைவிடவில்லை. ஈடு இப்பாசுரத்தில் ஆண்டானுடைய நிர்வாஹத்தையும் குறிக்கிறது, எம்பெருமானாருடையதையும் குறிக்கிறது. விடைத்தாள் எழுதுபவர் தள்ளுபடியான விடையைச் சேர்த்து எழுதுவதில்லை.

எம்பெருமானாரின் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் ஆறாயிரப்படி அருளினார். பிறகு நஞ்சீயரின் ஒன்பதினாயிரம், பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரம், நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரம், வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரம் என வளர்ந்தன. பிள்ளானிடம் சுருக்கமாக நின்ற முகவுரை ஈட்டில் ஒரு முழு அமைப்பாக விரிந்துவிட்டது. நூலுக்கு மூன்று பெரும் ப்ரவேசங்கள், பதிகந்தோறும் ஒரு ப்ரவேசம், பாசுரந்தோறும் ஒரு சிறு அவதாரிகை என்ற வரிசை அது. பதிகத்தின் ப்ரவேசம் முதலில் கீழ்ப் பதிகத்தில் ஆழ்வார் எந்நிலையில் நின்றார் என்று சொல்லும். அந்நிலையிலிருந்து இந்நிலை எவ்வாறு பிறந்தது என்று பிறகு காட்டும். பாசுர அவதாரிகை ஓரிரு வரிகளில் முடிந்து, 'என்கிறார்' என்று நிற்கும். இறுதிப் பாசுரத்துக்கு வரும்போது 'நிகமத்தில்' என்ற சொல் பெரும்பாலும் முதலில் வரும். பலனைச் சொல்லித் தலைக்கட்டுகிறார் என்பது அதன் கருத்து. தொடக்கம், முடிவு, பயன் என்று மீமாம்ஸகர் சொன்ன அடையாளங்கள் இவ்வமைப்பில் ஊறிக் கிடக்கின்றன.

இங்கு ஒரு சிறு விலகல். இம்முறை வைஷ்ணவ உரைகளுக்கு மட்டும் உரியதன்று. திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகரும் ஒவ்வோர் அதிகாரத்தின் தலைப்பிலும் இவ்வதிகாரம் முன்னதன் பின் வைக்கப்பட்ட முறைமையைச் சொல்லியே தொடங்குவார். மருங்காபுரி அன்பரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அவ்வூர் ஜமீன்தாரிணியாக இருந்த இலட்சுமி அம்மணியார் திருக்குறளுக்கு உரை கண்டவர் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. "பரிமேலழகர் செய்தால் முறைமை என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தேன், நம்பிள்ளை செய்தால் தள்ளிவிட்டேனே" என்று அவரே நகைத்தார்.

நோக்கு ஒன்றுதான் என்றால், அதைச் சொல்லும் வழியும் ஒன்றுதானா? திருவரங்கத்தில் வாழ்ந்த பெரியோர்களே வேறுவேறு வழிகளில் சொல்லியிருக்கிறார்கள். வேதாந்த தேசிகனின் த்ரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்நாவளி 130 ச்லோகங்களால் ஆனது. அதில் ஒவ்வொரு பாசுரத்துக்கும் எம்பெருமானின் ஒரு குணம், அவையெல்லாம் சேர்ந்து பதிகத்துக்கு ஒரு குணம், பதிகங்கள் சேர்ந்து பத்துக்கு ஒரு குணம் என்ற படிமுறை உண்டு. இப்பகுதி அவனைப் பற்றி எதை நிலைநாட்டுகிறது என்பது அவர் கேட்கும் கேள்வி. ஈட்டின் ப்ரவேசங்களோ, இப்பகுதியில் ஆழ்வார் எந்நிலையில் நின்று எதைச் செய்கிறார் என்று கேட்கின்றன. ஒன்று குணத்தைத் தேடுகிறது, மற்றொன்று அநுபவத்தின் ஓட்டத்தைத் தேடுகிறது. இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுபவர் உண்டு. கேள்வி வேறாகும்போது விடை வேறாவது முரண் ஆகாது என்பதே அடியேன் எண்ணம்.

பகுதி பிரிப்பதிலேயே வேறுபாடு வருவதும் உண்டு. பிள்ளை லோகாசார்யரின் ஸ்ரீவசநபூஷணத்தை மணவாள மாமுனிகள் வ்யாக்யாநம் செய்யும்போது, அந்நூலை ஆறு ப்ரகரணங்களாகக் கொள்ளும் முறையையும் ஒன்பது ப்ரகரணங்களாகக் கொள்ளும் முறையையும் முகவுரையிலேயே காட்டுகிறார். புருஷகார வைபவம், ஸாதநத்தின் பெருமை, அதிகாரியின் செயல், ஆசார்ய ஸேவை, எம்பெருமானின் நிர்ஹேதுக தயை, ஆசார்யனே உபாயமாதல் என்பன ஆறு. ஒரே ஸூத்ரம் எந்தப் பிரிவில் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் நோக்கு சற்றே திரும்பும். இரண்டு முறைகளும் தக்கவை என்று அவர் இடம் கொடுத்திருப்பது நாம் கற்க வேண்டிய பொறுமை.

இனி, அரங்கனுக்கே உரிய பதிகத்தைப் பார்ப்போம். ஏழாம் பத்தின் இரண்டாம் பதிகம் அது. இராப்பத்தில் நாளுக்கு ஒரு பத்தாக ஸேவிக்கப்படும்போது ஏழாம் திருநாளில் இது வரும். அன்று நம்பெருமாளுக்குத் திருக்கைத்தல ஸேவை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாக நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருளியிருப்பார். பதிகத்தைப் புதிதாக வாசிப்பவர் கண்ணில் முதலில் படுவது மகளின் துயரம். இரவு பகல் உறக்கமின்மை, கண்ணீர், கைகூப்பல், மயக்கம், பிதற்றல். இப்பகுதியின் மையக்கருத்து யாது என்று கேட்டால், பிரிவாற்றாமை என்று நல்ல மாணவன் எழுதுவான்.

அன்பரும் அப்படித்தான் எழுதினார். ஒரு சோதனையாக, ப்ரவேசத்தைப் பாராமல் பதிகத்தை முழுதும் வாசித்து நோக்கை ஒரு தாளில் எழுதித் தரும்படி அவரிடம் கேட்டிருந்தேன். அவர் எழுதியது ஒரே சொல். பிறகு ஈட்டைத் திறந்தோம்.

ஈடு தொடங்கும் இடமே வேறு. கீழ்ப் பதிகத்தில், இந்திரியங்களின் கையில் தம்மை அகப்படுத்திவிட்டாயே என்று ஆழ்வார் தாமாகவே நின்று கூப்பிட்டார். அக்கூப்பீட்டுக்கும் சக்தி இல்லாமற்போனதால் இப்போது பெண்நிலை எய்தி மோஹித்துக் கிடக்கிறார். பேசுபவள் திருத்தாயார். மகள் சொல்லும் சொற்களும்கூடத் தாயின் வாயால், 'என்னும்' என்று எடுத்துரைக்கப்பட்டே வருகின்றன. மகளைப் பெரிய பெருமாள் திருவடிவாரத்தில் கிடத்திவிட்டு, இவள் விஷயத்தில் நீர் என்ன செய்வதாகத் திருவுள்ளம் என்று தாய் கேட்கிறாள். பெரும்பாலான பாசுரங்கள் முடியும் இடத்தைப் பார்த்தால் அங்கே கேள்வியோ கையற்ற நிலையோ நிற்கிறது. மீண்டும் மீண்டும் சொல்லப்படுவது இதுவே. துயரத்தின் வருணனை எல்லாம் இக்கேள்விக்குக் கொடுக்கப்பட்ட சான்று.

தாய் ஏன் பேச வேண்டும்? அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் இதற்கு ஒரு திறவுகோல் தந்திருக்கிறார். தோழி, தாய், மகள் என்ற மூவரும் ஆழ்வாரின் ஞானத்திலேயே மூன்று நிலைகள். எம்பெருமானோடுள்ள உறவை உணர்ந்த நிலை தோழி. அவனே உபாயம் என்று துணிந்த நிலை தாய். பேற்றுக்குப் பதறும் நிலை மகள். ஆகவே தாய் பேசும் பதிகத்தில் மகளின் பதற்றம் பொருளாக இருக்கலாம். நோக்கோ தாயின் துணிவில் இருக்கிறது. தான் ஒன்றும் செய்ய இயலாதவளாய், மகளாலும் ஒன்றும் இயலாது என்று அறிந்தவளாய், செய்யவேண்டியவன் அவனே என்று அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாளே, அந்தத் துணிவு. பேசுபவர் யார் என்பதை விட்டுவிட்டால் இது கையில் அகப்படாது.

மணவாள மாமுனிகளின் திருவாய்மொழி நூற்றந்தாதியையும் உடன் வைத்துப் பார்த்தோம். நம்பெருமாள் திருமுன்பே 1432-33இல் ஓராண்டு முழுதும் ஈட்டைக் காலக்ஷேபம் சாதித்தவர் அவர். பதிகத்துக்கு ஒரு வெண்பா, நூறு பதிகங்களுக்கு நூறு வெண்பா. பதிகத்தின் தொடக்கச் சொல்லிலேயே வெண்பாவும் தொடங்க வேண்டும், அந்தாதியாக அடுத்ததோடு தொடர வேண்டும், ஆழ்வார் திருநாமமும் வர வேண்டும், ப்ரவேசத்தின் சாரமும் அடங்க வேண்டும். இத்தனை நெருக்கடியில் எதை வைப்பது, எதை விடுவது என்பதே நோக்கறிவுக்குக் கட்டளைக்கல். 62ஆம் வெண்பாவில் மகளின் துயரம் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. கண்டவர்கள் அரங்கரைப் பார்த்து, இவளை என்ன செய்ய எண்ணுகிறீர் என்று கேட்டதுதான் வெண்பாவின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'வெள்ளை' என்ற ஈற்றுச் சொல் அடுத்த பதிகத்தின் முதற்சொல்லாகி, இதன் முடிவையும் அதன் தொடக்கத்தையும் பிணைக்கிறது.

அதே கண்ணோடு 13ஆம் வெண்பாவுக்குத் திரும்பினோம். ஆண்டானுக்கும் எம்பெருமானார்க்கும் வாதம் நடந்த பதிகத்துக்குரியது அது. கலந்த மாலின் இனிமையும், அதை அநுபவிக்கத் துணையாக வானத்து அடியார் குழாத்தைக் கூட ஆசைப்பட்டதும் அதில் உள்ளன. துயரத்தின் சாயலே இல்லை. நம்பி முடித்து வைத்த வாதத்தின் தீர்ப்பு, வாதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், அந்த நான்கு அடிகளில் அடங்கியிருக்கிறது.

இவ்வளவும் அவதாரிகையைத் தள்ளக்கூடாது என்பதற்குச் சொன்னவை. அன்பரின் ஐயத்தில் நியாயமான பகுதி ஒன்றும் உண்டு, அதை மறைத்தல் கூடாது. அவதாரிகையை மட்டும் வாசித்துப் பாசுரத்தை வாசித்ததாக நினைத்துக்கொள்பவரும் நம் கோஷ்டிகளில் இருக்கிறார்கள். பத்து ப்ரவேசங்களை ஒப்பிப்பார்கள். ஒரு பாசுரத்தின் அந்வயத்தைக் கேட்டால் விழிப்பார்கள். எம்பெருமானார் அப்படி வாசித்திருந்தால் ஆண்டான் சொன்ன பொருளோடு பாடம் நடந்து முடிந்திருக்கும். முன்பின் பாசுரங்களை அவர் தம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்ததால்தான் நடுவில் வந்தது சேரவில்லை என்று அவருக்குப் பட்டது. அவதாரிகை பிறந்த இடமே அத்தகைய வாசிப்பு. ஆகவே அன்பரிடம் சொன்னேன்: தாங்கள் தள்ளியது தவறு, ஆனால் தாமே முதலில் வாசித்துப் பார்க்கும் வழக்கத்தை விடவேண்டாம். பதிகத்தை முழுதும் வாசித்து, பேசுபவர் யார், முன் எந்நிலை, மீண்டும் வருவது எது, முடிவில் சொன்ன பயன் யாது என்று தாளில் குறித்துக்கொண்டு, அதன் பின் ப்ரவேசத்தைத் திறவுங்கள். இரண்டும் ஒவ்வாத இடத்தில் மூன்றாம் முறை பாசுரத்தை வாசியுங்கள்.

அவர் ஊருக்குத் திரும்பிய பின் ஒரு கடிதம் வந்தது. ஏழாம் பத்தின் அதே பதிகத்தை மறுபடி வாசித்தாராம். "முடிவு தெளியவில்லை என்று ஒன்பதாம் பாசுரம் வரை தாய் தவிக்கிறாள். பத்தாம் பாசுரத்தின் ஈற்றில் கேள்வி இல்லையே, ஸ்வாமி. திருவடியை அடையாதவள் போலிருந்தவள் அணுகி அடைந்துவிட்டாள் என்று தாயே சொல்லிவிடுகிறாள். பலசுருதியும் அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு, ஆழ்வார் திருவடி அடைந்து உய்ந்ததைச் சொல்லித் தொடங்குகிறது. ஆகவே தாயின் கேள்விக்கு அரங்கன் இடையில் விடை கொடுத்துவிட்டான் என்று கொள்ளலாமா? கொடுத்த விடை பாசுரத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. அது ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவிலோ, பத்தாம் பாசுரத்துக்குள்ளேயோ?"

கடிதத்தை மடித்து ஈட்டில் அந்தப் பாசுரத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். வருகிற இராப்பத்து ஏழாம் திருநாளுக்கு அவர் திருமாமணி மண்டபத்துக்கு வருவதாக எழுதியிருக்கிறார்.